பழைய பத்திரத்தில் 'மா உ தெ ச பு க' என்று இருக்கிறது, யாராவது சொல்லுங்களேன்

வெண்ணாற்றுப் பெண் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். சொந்த ஊர் மன்னார்குடிப் பக்கம் ஒரு சின்ன கிராமம். அப்பா போன ஆவணியில் தவறிவிட்டார். காரியமெல்லாம் முடிந்த பிறகு அவருடைய தகரப் பெட்டியைத் திறந்து பார்த்தோம். மஞ்சள் துணியில் சுற்றி ஒரு பாகப்பிரிவினைப் பத்திரம் இருந்தது. 1939-இல் எழுதியது. என் கொள்ளுத்தாத்தாவும் அவருடைய தம்பியும் சொத்தைப் பிரித்துக்கொண்டபோது ஆனது.

கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது. ஆனால் படித்தால் ஒன்றும் புரியவில்லை. எங்கள் பங்கு வரும் இடத்தில் ஒரு வரி இப்படி முடிகிறது:

மா உ தெ ச பு க

இதை அப்படியே செல்போனில் படம் பிடித்து எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். போட்டிருக்கவே கூடாது. சென்னையில் இருக்கும் தம்பி (சித்தப்பா மகன்) ஐந்தே நிமிடத்தில் 'மாவட்ட உரிமை, தெற்குச் சர்வே, புறம்போக்கு கட்டுப்பாடு' என்று விரித்து எழுதிவிட்டான். அத்தை அதற்குக் கும்பிடும் கை படம் போட்டார். பெரியப்பா 'இது ஏதோ மந்திரம், பூஜை அறையில் வை' என்றார்.

கணக்கு எழுதும் எனக்குச் சுருக்கெழுத்து புதிதில்லை. எங்கள் கம்பெனியில் டி.சி. என்றால் டெலிவரி சலான். என் மகனுக்கு டி.சி. என்றால் பள்ளிக்கூடத்தை விட்டுப் போகும்போது கொடுக்கிற சீட்டு. ஒருநாள் 'டி.சி. வாங்கிட்டு வாங்க' என்று டிரைவரிடம் போனில் சொல்லிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த பையன் முகம் வெளுத்துவிட்டது. அதனால் சுருக்கெழுத்தை யார் எழுதினார், எங்கே எழுதினார் என்று பார்க்க வேண்டும் என்கிற வரைக்கும் தெரியும். இதை எழுதியவர் இப்போது இல்லையே. பத்திரம் எழுதிப் பழக்கமுள்ளவர்கள் யாராவது இருக்கிறீர்களா?


வயக்காட்டான் எழுதியது:

அக்கா, இது ரொம்ப சுலபம். பாதி எழுத்து, பாதி எண். அந்தக் காலத்தில் 1, 2, 3 போடாமல் தமிழ் எண் போட்டிருக்கிறார்கள். க என்றால் 1, உ என்றால் 2, ங என்றால் 3, ச என்றால் 4. ஆக 'மா 2 தெ 4 பு 1'.

மா என்பது நம் பக்கத்து நில அளவு. உங்களுக்கே தெரிந்திருக்கும். இருபது மா ஒரு வேலி. ஒரு மா நூறு குழி. சென்ட்டில் சொன்னால் ஒரு மா 33 சென்ட், மூன்று மா ஒரு ஏக்கர். தெ என்றால் தெற்கு. பு என்றால் புஞ்சை. உங்களுக்கு 2 மா நிலம் இருக்கிறது, அதாவது 66 சென்ட். பட்டாவில் வந்திருக்கிறதா என்று பாருங்கள்.


வெண்ணாற்றுப் பெண் எழுதியது:

வயக்காட்டான் தம்பி, நன்றி. ஆனால் நீங்கள் சொன்னதைக் குழுவில் போட்டதும் வீட்டில் பூகம்பம்.

சென்னைத் தம்பி இப்போது மாவட்ட உரிமையை விட்டுவிட்டான். புதுக் கணக்கு போட்டிருக்கிறான்: 'தெற்கே நாலாவது வரப்புக்கு அந்தப் பக்கம் 2 மா நஞ்சை, அதை ஒட்டி 1 மா புஞ்சை. மொத்தம் 3 மா, ஒரு ஏக்கர். இது யாருடைய பெயரிலும் பட்டாவில் இல்லை. ஊரோடு இருந்தது நீங்கள்தான். அந்த ஒரு ஏக்கர் எங்கே?' நேரடியாக அப்பா பெயரைச் சொல்லவில்லை. ஆனால் சொன்ன மாதிரிதான்.

அப்பா கடைசி வரைக்கும் ஆற்றுப் பாசனத் தண்ணீருக்குக் காத்துக்கொண்டு அந்த வயலிலேயே கிடந்தவர். அவர் ஒரு ஏக்கரை ஒளித்து வைத்திருந்தால் எனக்குச் சீர் செய்யக் கடன் வாங்கியிருக்க மாட்டார். இரண்டு நாளாகத் தூக்கம் இல்லை. தயவு செய்து வேறு யாராவது பாருங்கள்.


வடமராட்சி மகள் எழுதியது:

அக்கா, எனக்கு உங்கட ஊர் அளவு தெரியாது. எங்கட ஊரில் 'மா' என்றால் அரிசி மா, கோதுமை மா, உழுத்தம் மா. நீங்கள் மாவு என்று சொல்வதை நாங்கள் மா என்றுதான் சொல்வோம். தலைப்பைப் பார்த்ததும் ஏதோ இடியப்பத்துக்கு மா குழைக்கும் கணக்கு என்று நினைத்து உள்ளே வந்தேன்.

நிலத்துக்கு எங்களுக்குப் பரப்பு, லாச்சம். பதினாறு பரப்பு ஒரு ஏக்கர். பத்திரத்தை உறுதி என்போம். எங்கள் அம்மம்மாவின் காணி உறுதியை ஆங்கிலத்தில் எழுதியிருந்தார்கள். அதில் லாச்சத்துக்குப் பக்கத்தில் 'வி.சி.' என்று இரண்டு எழுத்து. அண்ணா அதைப் பார்த்துவிட்டு, இந்தக் காணியை யாரோ வைஸ் சான்சலருக்கு எழுதிக் கொடுத்திருக்கினம் என்று ஒரே சத்தம். கடைசியில் உறுதி எழுதுகிற நொத்தாரிசு சிரித்துக்கொண்டே சொன்னார், அது வரகு கல்ச்சராம். வரகு விதைக்கிற நிலத்துக்கு ஒரு லாச்சம், நெல் விதைக்கிற நிலத்துக்கு வேறொரு லாச்சம். எது என்று காட்ட அந்த இரண்டு எழுத்து. ஆகையால் உங்கட தம்பி சொல்வதை உடனே நம்பிவிடாதேங்கோ.

இன்னொன்றும் கவனித்தேன். நாங்கள் எந்த நிலத்தையும் காணி என்போம். உங்கட பக்கம் காணி என்பதும் ஒரு அளவாமே?


பேனாக்காரர் எழுதியது:

அம்மா, வெண்ணாற்றுப் பெண்ணே. ஒரு வரியின் வாலை மட்டும் போட்டு அர்த்தம் கேட்டால் யாராலும் சொல்ல முடியாது. அதற்கு முன்னால் இருப்பதையும் பின்னால் இருப்பதையும் ஒரு எழுத்து விடாமல் போடுங்கள். புரியாவிட்டால் பரவாயில்லை, பார்த்தபடி எழுதுங்கள். குழுவில் போடாதீர்கள், இங்கே போடுங்கள்.


வெண்ணாற்றுப் பெண் எழுதியது:

ஐயா, இதோ. உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்து எழுதியிருக்கிறேன். மேலே நடுவில் ஒரு 'உ'. அப்புறம் 'வெகுதானிய ளு தை மீ யஅ உ'. எங்கள் பங்கு வரும் இடத்தில் இப்படி இருக்கிறது:

நஞ்சை மா ங குழி உயரு
ஷை ஊர் ஷையார் மனைக்கட்டுக்கு மேல்புறம் கொல்லை குழி சய இதில் மா உ தெ ச பு க ஷை மாவடை மரவடை சகிதம்

'குழி உயரு' என்பதற்குத் தம்பி சொன்ன விளக்கம்: பள்ளமான இடம், மண் கொட்டி உயர்த்த வேண்டும். 'ஷையார்' யாரென்று யாருக்கும் தெரியவில்லை. எங்கள் குடும்பத்தில் அப்படி ஒரு பெயர் கிடையாது. அத்தை மட்டும், ரங்கூனுக்குப் போய்த் திரும்பாத ஒரு தாத்தா உண்டு, அவராக இருக்கும் என்கிறார்.


பேனாக்காரர் எழுதியது:

நீங்கள் தூங்கலாம் அம்மா. ஒரு ஏக்கரும் காணாமல் போகவில்லை.

நான் நாற்பத்தோரு வருஷம் ரிஜிஸ்திரார் ஆபீஸ் வாசலில் மேஜை போட்டுப் பத்திரம் எழுதியவன். என் வாத்தியார் கட்டைப் பேனாவை மையில் தொட்டு எழுதியவர். அவரிடம் நான் முதலில் கற்றுக்கொண்டது எழுதுவதை அல்ல, பழைய பத்திரம் வாசிப்பதைத்தான். ஒவ்வொன்றாக வருகிறேன், கொஞ்சம் நீளும்.

முதலில் உங்கள் ரங்கூன் தாத்தாவை அனுப்பிவிடுவோம். 'ஷை' என்பது ஆள் இல்லை. 'மேற்படி' என்பதற்கு ஒரு குறி உண்டு, ௸ என்று. கையால் எழுதும்போது அது ஷ, ஷை போலவே விழும். அச்சுக்காரர்களும் டைப் அடித்தவர்களும் அந்தக் குறி இல்லாததால் 'ஷை' என்றே போட்டார்கள், அப்படியே நிலைத்துவிட்டது. ஷை ஊர் என்றால் மேற்படி ஊர். ஷையார் என்றால் மேற்படியார், அதாவது அதற்கு முன் வரியில் கடைசியாக யார் பெயர் வந்ததோ அவர். இந்த ஒரு சொல்லால் நானே அடிபட்டிருக்கிறேன். 1984-இல் ஒரு கிரயப் பத்திரத்தில் விற்பவர், வாங்குபவர் இருவருக்குமே அடுத்தடுத்து 'ஷையார்' போட்டுவிட்டேன். வாசித்தால் விற்றவரே வாங்கின மாதிரி வந்தது. பிழைதிருத்தல் பத்திரம் போட்டு, முத்திரைச் செலவைக் கைக்காசில் கட்டினேன். அன்றிலிருந்து பெயரை முழுசாக எழுதுவதுதான் என் வழக்கம்.

அடுத்தது தேதி. மேலே தனியாக இருக்கும் 'உ' பிள்ளையார் சுழி. 'ளு' மாதிரி தெரிவது வருஷத்துக்கான குறி, 'மீ' மாதிரி தெரிவது மாதத்துக்கான குறி, கடைசி 'உ' தேதிக்கான குறி. ய என்றால் பத்து, அ என்றால் எட்டு; 'யஅ' பதினெட்டு. வெகுதானிய வருஷம் தை மாதம் பதினெட்டாம் தேதி. பாருங்கள், ஒரே தாளில் உ மூன்று வேலை பார்க்கிறது: மேலே பிள்ளையார், தேதியில் நாள், உங்கள் வரியில் இரண்டு என்ற எண். எழுதியவருக்குக் குழப்பமே இருந்திருக்காது. இடம் பார்த்து வாசிப்பார்கள். இந்த எழுத்தும் எண்ணும் ஒன்றாக இருப்பதை வைத்துத்தானே அவலட்சணம் என்று திட்டாமல் 'எட்டேகால் லட்சணம்' என்று திட்டினார்கள். எட்டுக்கு அ, காலுக்கு வ.

இப்போது நஞ்சை. 'மா ங' மூன்று மா. 'குழி உயரு' என்பதில் உயர்த்த ஒன்றுமில்லை: உ இரண்டு, ய பத்து, ரு ஐந்து. இரண்டு பத்தும் ஐந்தும், இருபத்தைந்து குழி. ஆக நஞ்சை 3 மா 25 குழி. நம் தஞ்சாவூர்க் கணக்கில் நிலம் அளக்கும் கோல் பன்னிரண்டு அடி, ஒரு கோல் சதுரம் ஒரு குழி, அதனால் குழி 144 சதுர அடி, மா 14,400 சதுர அடி. வயக்காட்டான் சொன்ன 33 சென்ட் சரிதான். உங்களுக்கு வருவது கிட்டத்தட்ட ஒரு ஏக்கர் ஏழரை சென்ட். பட்டாவில் ஹெக்டேர் - ஏர் என்று இருக்கும். 0 - 43.50 அல்லது அதை ஒட்டி இருக்கிறதா, பாருங்கள்.

இனிமேல்தான் விஷயம். கொல்லை எவ்வளவு? 'குழி சய'. ச நாலு, ய பத்து, நாற்பது குழி. பதின்மூன்று சென்ட் சொச்சம். அதற்குப் பிறகு 'இதில்' என்று ஒரு சொல் இருக்கிறது. உங்கள் தம்பி தாண்டிப் போன சொல் அது. இந்த நாற்பது குழிக்குள் மா 2. இரண்டு மா என்றால் இருநூறு குழி. நாற்பது குழிக்குள் இருநூறு குழி எப்படி அம்மா அடங்கும்?

அடங்காது. ஏனென்றால் இந்த மா நிலம் இல்லை, மரம். மா இரண்டு, தென்னை நாலு, புளி ஒன்று. அவ்வளவுதான். கொல்லையைப் பிரிக்கும்போது அதில் நிற்கிற மரத்தையும் எண்ணி எழுதுவார்கள். இல்லாவிட்டால் அண்ணன் நிலத்தில் தம்பி வந்து மாங்காய் பறிப்பான். அந்தச் சண்டை ஏக்கர் சண்டையை விட மோசம், வருஷா வருஷம் காய்க்கும். அதற்கு அடுத்து 'மாவடை மரவடை சகிதம்' என்று வருகிறதே, மரமும் சேர்த்துத்தான் என்று முத்திரை குத்துகிற மாதிரி.

வயக்காட்டானைக் குறை சொல்ல மாட்டேன். தெ என்றால் தெற்கு, பு என்றால் புஞ்சை என்று நானும் நூறு இடத்தில் எழுதியிருக்கிறேன். ஆனால் திசைக்குத் தெ போட்டால் அதற்கு முன்னால் ஒரு 'க்கு' இருக்கும். 'வாய்க்காலுக்கு தெ' என்று. நான்கு மால் சொல்லும் இடத்தில்தான் அது வரும். மால் என்றால் எல்லை. இங்கே அப்படி ஒன்றும் இல்லை. நிலத்து மாவுக்கு அடுத்து குழி வரும். மரத்து மாவுக்கு அடுத்து இன்னொரு மரம் வரும். பக்கத்தில் நிற்பவனைப் பார்த்தால் ஆளைத் தெரிந்துகொள்ளலாம்.

ஏன் இப்படிச் சுருக்கினார்கள் என்று கேட்பீர்கள். முத்திரைத் தாள் காசு. இரண்டு பேருக்கும் பத்திரம், ரிஜிஸ்திரார் ஆபீஸில் முதல் புத்தகத்தில் ஒரு நகல், எல்லாம் கையால். ஒரு மாமரத்துக்கு 'மாமரம்' என்று எழுதினால் வருஷத்துக்கு எத்தனை ஆயிரம் 'மரம்' எழுதுவது? எனக்குக் கை வீங்கும்போது இது நன்றாகப் புரிந்தது.

வடமராட்சித் தங்கைக்கு: ஆமாம், எங்களுக்குக் காணி ஒரு அளவு. செங்கல்பட்டுப் பக்கத்துக் காணி 1.32 ஏக்கர். அதுதவிர காணி என்பது எண்பதில் ஒரு பங்கு. மா என்பது இருபதில் ஒரு பங்கு. வேலியில் இருபதில் ஒன்று என்பதால்தான் அந்த நிலத்துக்கே மா என்று பெயர். இருபதில் ஒன்றும் எண்பதில் ஒன்றும் சேர்த்தால் பதினாறில் ஒன்று. அதுதான் மாகாணி. அந்தச் சொல்லை உடைத்தாலே கணக்கு உள்ளே இருக்கும். ஒரு ரூபாய்க்குப் பதினாறு அணா இருந்த காலத்தில் ஓர் அணா என்றால் மாகாணி ரூபாய். பங்காளிகளுக்குள் 'எனக்கு மாகாணிப் பங்குதான்' என்று ஒருவர் குறைப்பட்டால் என்ன கிடைத்தது என்று ஊருக்கே தெரியும். 1957-இல் நயா பைசா வந்தது, அந்தக் கணக்கு போயிற்று.

குழி எல்லா ஊரிலும் ஒன்றில்லை என்பதை மட்டும் மறக்காதீர்கள். கோல் நீளம் மாறினால் குழி மாறும். சோழர் கல்வெட்டில் 256 குழி கொண்ட மாவும் உண்டு, நூறு குழி கொண்ட மாவும் உண்டு. எந்தக் கோல் என்று கல்லிலேயே வெட்டி வைத்திருப்பார்கள். நம் ஆட்கள் வெட்டவில்லை.


இலக்கண வாத்தியார் எழுதியது:

பேனாக்காரர் சொன்னதே போதும். ஒன்று மட்டும் சேர்க்கிறேன், வகுப்பில் பையன்களுக்குச் சொல்வது.

தனியாக நிற்கும் மா எந்த மா என்று தெரியாவிட்டால், பின்னால் இன்னொரு சொல்லை ஒட்டிப் பாருங்கள். மரம் என்றால் மூக்கால் பேசும்: மாங்காய், மாந்தளிர், மாம்பழம். அரைத்த மா என்றால் அழுத்திப் பேசும்: மாக்கோலம். பெரிய என்ற பொருள் என்றால் பெரும்பாலும் ஒன்றும் செய்யாது: மாபெரும், மாநகரம். பின்னம் என்றாலும் சும்மா இருக்கும்: மாகாணி. விலங்குக்கும் மா என்ற பெயர் உண்டு, அரிமா என்றால் சிங்கம். மாவிலையும் மாவிளக்கும் ஒரே பூஜைக்குத்தான் வருகின்றன. ஒன்று மரத்திலிருந்து, ஒன்று அரிசியிலிருந்து.

பத்திரக்காரர் மாவுக்குப் பிறகு எண்ணைப் போட்டுவிட்டதால் இலக்கணம் தோற்றுவிட்டது. இன்றைக்கும் குறையில்லை. பேப்பரில் மா.செ. என்றால் மாவட்டச் செயலாளர், மா.கம்யூ. என்றால் மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட். கடித உறையில் (மா) என்றால் மாவட்டம். அதே உறையில் (வ) என்றால் வட்டமா, வழியா என்று தபால்காரர்தான் முடிவு செய்கிறார். எண்பது வருஷம் கழித்து யாராவது நம் வீட்டுப் பெட்டியைத் திறந்தால் அவர்களும் தவிப்பார்கள்.


வயக்காட்டான் எழுதியது:

ஐயா, தலை வணங்குகிறேன். அக்கா, மன்னிச்சிடுங்க. 'இதில்' என்ற சொல் இருந்தது எனக்குத் தெரியாது. நீங்கள் போட்டது வாலை மட்டும்தானே.

மாவட்டம் என்று வேறு யாரோ சொன்னார்களே, அதுவும் இருக்க வழியில்லை. அப்போது ஜில்லாதான். தஞ்சாவூர் ஜில்லா, மன்னார்குடி தாலுகா. திருவாரூர் மாவட்டமே 1997-இல்தான் வந்தது.


வெண்ணாற்றுப் பெண் எழுதியது:

ஐயா, உங்கள் பதிலை முதலில் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து போய் அப்பா படத்தில் வாடியிருந்த பூவை எடுத்துவிட்டுப் புதுப் பூ வைத்தார்.

பட்டாவை எடுத்துப் பார்த்தேன். நீங்கள் சொன்ன மாதிரியே 0 - 43.50. கால்குலேட்டரில் மூன்று தடவை போட்டுப் பார்த்தேன். வேலைப் பழக்கம்.

அப்புறம் ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனோம். சென்னைத் தம்பியையும் வரச் சொன்னேன். வரமாட்டான் என்று நினைத்தேன், வந்துவிட்டான். இரண்டு பேரும் மனைக்கட்டுக்கு மேல்புறம் கொல்லைக்குப் போய், பத்திரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு மரத்தை எண்ணினோம். புளி அப்படியே இருக்கிறது. நான் சின்ன வயதில் ஊஞ்சல் கட்டிய மரம், 1939-இலேயே எழுதி வைத்த மரம் என்று யாருக்குத் தெரியும்? தென்னை ஒன்றும் இல்லை. பத்திரத்தில் இருந்த நாலும் எப்போதோ போய், அப்பா வைத்த அடுத்த தலைமுறை நாலும் 2018-இல் கஜா புயலில் விழுந்தன. வேரோடு கிடந்தவற்றை வெட்ட ஆள் கிடைக்காமல் அப்பா அலைந்தது எனக்கு நினைவிருக்கிறது. மா ஒன்று கிணற்றடியில் நிற்கிறது, தண்டு பொந்து விழுந்து, ஆனாலும் பூ வைத்திருக்கிறது. இன்னொன்றின் இடத்தில் துணி துவைக்கிற கல். அந்தக் கல்லுக்கு அடியில் வேர்க்கட்டை இன்னும் இருக்கிறது என்று பக்கத்து வீட்டு ஆயா சொன்னார்.

தம்பி அங்கேயே நின்று கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. 'பெரியப்பாவைப் பற்றி அப்படிப் பேசியிருக்கக் கூடாதுக்கா' என்றான். சரி விடு என்றேன். முழுசாக விடவில்லை, ஆனால் விட்டுவிடுவேன்.

பேருந்தில் திரும்பும்போது அவனே குழுவில் ஒரு படம் போட்டு, கீழே இப்படி எழுதினான்: 'கொல்லையைப் பார்த்தோம். ஒரு மா இருக்கிறது. இன்னொரு மா காணோம்.'

இரவு பத்தரைக்கு மன்னார்குடிப் பெரியப்பா எனக்குப் போன் செய்தார். ஹலோ கூடச் சொல்லவில்லை. 'யாருடா அந்த 33 சென்ட்டை எடுத்தது?'